சல்லடையில் பிறந்த சொல்

மிளகு வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கு 'கார்பிள்டு' என்ற சொல் புதிதல்ல. தூசி, காம்பு, பொக்கு நீக்கிய மிளகு 'மலபார் கார்பிள்டு', நீக்காதது 'அன்கார்பிள்டு'. விலையும் அதற்கேற்றபடிதான். ஆனால், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் இந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், 'குழம்பிப்போனது, திரித்துக் கூறியது' என்பார்கள். சுத்தம் செய்ததைக் குறித்த சொல் எப்படி இப்படி ஆயிற்று?

அரபு மொழியில் 'கிர்பால்' என்றால் சல்லடை. அதுவும் லத்தீன் மொழியில் சிறு சல்லடைக்கு வழங்கிய சொல்லிலிருந்து வந்தது என்பர். அரபு வணிகரிடமிருந்து இத்தாலிய வணிகருக்கு வாசனைச் சரக்கு கைமாறியபோது சொல்லும் கூடவே போயிற்று. பிறகு இங்கிலாந்தில் இறங்கியது.

லண்டனில் மிளகு வணிகர்களுக்கு 1180-லேயே சங்கம் இருந்தது. அந்த மரபில் வந்த மளிகை வணிகர் சங்கம் 1428-ல் அரச சாசனம் பெற்றது. வாசனைச் சரக்கைச் சலித்துத் தரம் பார்க்கும் உரிமையும் அச்சங்கத்துக்குக் கிடைத்தது. 'கார்பிளர்' என்ற அதிகாரி எந்தக் கடையிலும் கிடங்கிலும் நுழைந்து, சரக்கைப் பார்வையிட்டுக் குப்பையை நீக்கலாம்.

சலிப்பது என்றால் வேண்டாததை நீக்குவது. நாளடைவில், தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதை மறைப்பதற்கும் அதே சொல் வழங்கியது. அப்படிப் பொறுக்கிச் சொன்னால் செய்தி திரிந்துபோகும் அல்லவா? நல்ல சொல் கெட்ட பெயர் வாங்கியது இப்படித்தான்.

நம் வியாபாரத்திலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. மாதிரிப் பொட்டலத்தில் முதல்தர மிளகைக் காட்டிவிட்டு, மூட்டையில் பொக்கையும் பப்பாளி விதையையும் கலந்து அனுப்புவது இரண்டாவது வழி. சோதனைக்கு வரும் அதிகாரி பெரும்பாலும் முதலில் நுழைவது சில்லறைக் கடையில்தான். கலந்தவர் ஒருவர், அலைபவர் வேறொருவர். இது நியாயமா?

மொத்த வியாபாரிகளாகிய நாம் முதலில் நமது சல்லடையைச் சரிபார்ப்போம். சில்லறை வியாபாரிகள் தரம் குறிப்பிட்ட பில் இல்லாமல் மூட்டையை இறக்க வேண்டாம். ஒரு கைப்பிடி மிளகைத் தண்ணீரில் போட்டால் போதும். நல்ல மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதையும் பொக்கும் மிதக்கும்.

லண்டன் வணிகர்கள் சலிக்கும் பொறுப்பைத் தம் சங்கத்திலேயே வைத்திருந்தார்கள். நமது சங்கமும் உறுப்பினர் சரக்கைச் சோதிக்க ஒரு குழு அமைக்கலாமே! அதிகாரி வந்து சலிக்கும்வரை காத்திராமல் நாமே சலித்துவிட்டால், நம் பெயரும் சுத்தமாக இருக்கும்.