நாலு வயசில் பார்த்த 'மௌன ராகம்'

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே டி.வி.யைப் போட்டேன். 'மௌன ராகம்' ஓடிக்கொண்டிருந்தது. ரேவதி மழையில் நனைந்து ஆடி முடித்து, வேண்டுமென்றே தாமதமாக வீட்டுக்கு வருகிறார். பெண் பார்க்க வந்த மோகன் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை தடவை பார்த்த காட்சி! ஆனாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

'நாலு வயசில்' என்றால் நாலு வயதுக் குழந்தையாக இருந்தபோது என்று நினைத்துவிடாதீர்கள். வெவ்வேறு நாலு வயதுகளில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். நாலு தடவையும் வேறு வேறு படம் பார்த்த மாதிரிதான் இருந்தது.

முதல் தடவை எனக்கு 14 வயது. படம் 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. பாகூர் பக்கத்தில் இருந்த எங்கள் கிராமத்துக் கீற்றுக் கொட்டகைக்கு அது வந்து சேர மாதங்கள் ஆயின. புதுப்படம் முதலில் புதுச்சேரி டவுனில் ஓடி, அங்கே ஓய்ந்த பிறகுதான் பெட்டி எங்களைத் தேடி வரும். அறுவடை முடிந்த நேரம். அம்மா, அத்தை, நான், பக்கத்து வீட்டு அக்காக்கள் எல்லோரும் தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்துகொண்டோம்.

அன்றைக்கு எனக்குக் கதாநாயகன் கார்த்திக்தான். 'மிஸ்டர் சந்திரமௌலி' என்று ரேவதியின் அப்பாவை ஹோட்டலில் வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது கொட்டகையே அதிர்ந்தது. பதிவுத் திருமணம் நடக்கவேண்டிய நாளில் அவர் சுடப்பட்டு விழுந்ததும் ஏங்கி ஏங்கி அழுதேன். அதற்கப்புறம் படத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது. டெல்லி, குளிர், பேசாத புருஷன். அத்தை மடியில் தூங்கிப் போனேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. கார்த்திக் திரையில் வருவதற்கு முன்பே அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏம்மா அழுவுற?" என்றேன். "தூசிடி" என்றாள்.

இரண்டாவது தடவை 22 வயது. கல்யாணமாகி வில்லியனூர் பக்கம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கேபிள் டி.வி. வந்த புதிது. கூடத்தில் மாமியார், நாத்தனார், வாசல் பக்கமாக என் வீட்டுக்காரர். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, கணவன் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வது போல் இருக்கிறது என்று ரேவதி சொல்வதைக் கேட்டேன். யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி இருந்தேன். எனக்கு வாழ்க்கையில் கார்த்திக் யாரும் கிடையாது. ஆனாலும் அந்த வார்த்தை எனக்குத் தெரிந்த வார்த்தை. ஒருவரையொருவர் பத்து நிமிஷம்கூடப் பார்த்திராத இரண்டு பேரை ஒரு அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறார்கள். அதைச் சொல்வதற்கு ஒரு மொழி இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என்ன பரிசு வேண்டும் என்று மோகன் கேட்கிறார். விவாகரத்து வேண்டும் என்கிறார் ரேவதி. "திமிரு பிடிச்சவ" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

மூன்றாவது தடவை 40 வயது. அவர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து, மூன்று மாதம் படுக்கையில் இருந்த சமயம். படத்திலும் மோகன் அடிபட்டுப் படுத்திருக்க, ரேவதி பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வார். அந்தத் தடவை என் கண் மோகனை விட்டு நகரவில்லை. எத்தனை நிதானமான மனிதர்! மனைவி பிரியவேண்டும் என்கிறாள். சத்தம் போடவில்லை, ஊரைக் கூட்டவில்லை, மாமனாருக்குக் கடிதம் எழுதவில்லை. கூடவே போய் மனு போடுகிறார். கல்யாணமாகி ஒரு வருஷமாவது ஆகவேண்டும் என்று தெரியவருகிறது. இது சினிமாவுக்காகச் சேர்த்த திருப்பம் இல்லை. 1955 ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 14 ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. விதிவிலக்கான கஷ்டம் இருந்தால் மட்டும் நீதிமன்றம் முன்கூட்டியே அனுமதிக்கலாம்.

படம் முடிந்ததும் வீட்டுக்காரர் படுத்தபடியே கேட்டார்: "உனக்கும் அப்புடித்தான் இருந்துச்சா, அப்போ?"

பதினெட்டு வருஷம் கழித்து வந்த கேள்வி. "ஆறு மாசம் இருந்துச்சுங்க" என்றேன்.

"தெரியும். அதான் திண்ணைல படுத்தேன்" என்றார்.

அந்த முதல் ஆறு மாதமும் 'உள்ளே புழுக்கமா இருக்கு' என்று பாயை எடுத்துக்கொண்டு வெளியே போன மனிதர் அவர். மார்கழியிலும் அதையேதான் சொன்னார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

இப்போது நாலாவது தடவை. எனக்கு 53 வயது. இந்தத் தடவை நான் பார்த்தது ரேவதியையும் இல்லை, மோகனையும் இல்லை. ரேவதியின் அம்மாவை.

படத்தில் அந்தக் கட்டம் கொஞ்ச நேரம்தான். பெண் மாட்டேன் என்கிறாள். அப்பாவுக்கு மாரடைப்பு வருகிறது. ஆஸ்பத்திரியில் வைத்து அம்மா மகளிடம் கெஞ்சுகிறார், நீ சரி என்று சொன்னால் அப்பா பிழைத்துக்கொள்வார் என்று. மகள் சரி என்கிறாள். மகள் தலையில் யாரும் கத்தி வைக்கவில்லை. அப்பாவின் உயிரை வைத்தார்கள்.

எனக்கு ஏன் இது இப்போது கண்ணில் படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு 26 வயது, சென்னையில் வேலை. ஒரு நல்ல வரன் வந்திருக்கிறது. நல்ல குடும்பம், நல்ல சம்பளம், ஜாதகமும் பொருந்தியிருக்கிறது. அவள் 'இப்போ வேணாம்மா' என்கிறாள். காரணம் கேட்டால், 'தோணல' என்கிறாள். போன மாதம் அவள் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறித் தலைசுற்றி விழுந்து, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கே என் மனசுக்குள் ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது: 'அப்பா உடம்பைப் பார்த்தியா? அவரு நல்லா இருக்கும்போதே...' ஞாயிறு சாயந்தரம் போனில் அதைச் சொல்வதாகத்தான் இருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டி.வி.யில் இன்னொரு அம்மா அதையே சொன்னார்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வயது 77. கட்டிலில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த இடத்தில் மறுபடியும் கண்ணைத் துடைத்தாள். இங்கே மணல் தரையும் இல்லை, தூசியும் இல்லை.

"கொட்டாயில பாத்தப்பவும் இங்கதான் அழுத" என்றேன்.

"எங்கப்பா ரெண்டு நாளு சோறு திங்காம படுத்துக்கிட்டாரு" என்றாள் அம்மா. "நா டீச்சர் டிரெயினிங் போவணும்னு இருந்தேன். மூணாம் நாளு சரின்னேன். எழுந்து சாப்புட்டாரு."

இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாத கதை. எங்கள் அப்பா நல்லவர்தான், அம்மாவும் நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனாலும் அந்த மூன்றாம் நாள் அவளை விட்டுப் போகவில்லை.

எங்கள் சின்னப்பாட்டியின் ஞாபகமும் வந்தது. அவர் வாழ்க்கைப்பட்டது சொல்தா குடும்பம். அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள், பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்தவர்கள். இன்றைக்கும் அப்படிப்பட்ட குடும்பத்து வாரிசுகளுக்கு நம் இந்து திருமணச் சட்டம் செல்லாது. அவர்களுக்கு 'மேரி' என்கிற கொம்யூன் அலுவலகத்தில் கல்யாணம். அங்கே அதிகாரி பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாகக் கேட்பார், சம்மதமா என்று. இரண்டு பேரும் 'உய்' என்று வாயைத் திறந்து சொன்னால்தான் கல்யாணம். சின்ன வயதில் இதைக் கேட்டு நான் வாயைப் பிளந்திருக்கிறேன். "நிஜமாவே ஒங்கள கேட்டாங்களா பாட்டி?" என்பேன்.

"கேட்டாங்கடி. எங்கப்பாரு பக்கத்துலதான் நின்னாரு" என்பார் பாட்டி.

அப்பா பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் அது கேள்வியா?

இந்தப் படத்தை எடுத்தபோது மணிரத்னத்துக்கு 30 வயது, நடித்த ரேவதிக்கு 20. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. இளையராஜாவின் இசையையும் பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவையும் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்துப் பெற்றோர் இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. 'பார்த்தியா, வேண்டாம் வேண்டாம்னு நின்னவளே கடைசியில் ரயிலை விட்டு இறங்கிட்டா. தாலி ஏறினா எல்லாம் சரியாயிடும்.' நானே என் நாத்தனார் மகளிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். அவளுக்குச் சரியாகவில்லை. ஒன்றரை வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். அவளுக்கு வாய்த்தவர் திண்ணையில் பாய் விரித்த மனிதர் இல்லை.

எனக்குச் சரியானது. என் அம்மாவுக்கும் சரியானது. அது எங்களுக்கு வாய்த்த ஆட்களால் நடந்தது. வற்புறுத்தியவர்கள் அந்தப் பெருமையை எடுத்துக்கொள்ள முடியாது. மகள் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டத்தை நம்பி நான் சீட்டுக் குலுக்கிப் போட முடியுமா?

சாயந்தரம் போன் செய்தேன். "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்றுதான் ஆரம்பித்தாள். தொண்டை வரை வந்த வாக்கியத்தை விழுங்கினேன்.

"நல்லா இருக்காரு. பிரஷர் நார்மல். நடைக்குப் போயிட்டு வந்து இட்லி சாப்பிடுறாரு. அவரு உடம்புக்கும் உன் முடிவுக்கும் சம்பந்தம் இல்ல. அத மனசுல வெச்சுக்கிட்டு எதுவும் சொல்லாத."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ரொம்ப பயந்துக்கிட்டே இருந்தேம்மா, நீ அதச் சொல்லிடுவியோன்னு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் வாயைத் திறக்காமலேயே அவளுக்கு அந்த வாக்கியம் தெரிந்திருக்கிறது. "யோசிச்சு நானே சொல்றேம்மா. முடியாதுன்னாலும் அவங்ககிட்ட மரியாதையா நானே பேசிடுறேன்" என்றாள்.

வரன் தட்டிப்போகுமோ என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் வேறு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

போனை வைத்ததும் கட்டிலில் இருந்து அம்மா கேட்டாள்: "என்னா சொல்லுது பொண்ணு?"

"யோசிச்சுச் சொல்றாளாம்."

"யோசிக்கட்டும்" என்றாள் அம்மா. "நமக்குத்தான் அதுக்கு நேரம் குடுக்கல."