அம்மோனியத்தின் நான்காவது பிணைப்பு

மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் ‘சால்ட் அனாலிசிஸ்’ நடக்கிறது. தாமிர உப்புக் கரைசலில் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுகிறது. முதலில் வெளிர் நீல வீழ்படிவு. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அது கரைந்து, கண்ணைப் பறிக்கும் அடர் நீலம். மாணவர் பதிவேட்டில் ‘தாமிரம் உறுதி’ என்று எழுதிவிட்டுச் சோதனைக்குழாயைக் கழுவப் போகிறார். குளோரைடு சோதனையும் இப்படித்தான். சில்வர் நைட்ரேட்டால் தயிர்போல் படியும் வெண்ணிற வீழ்படிவு, அம்மோனியாவை ஊற்றியதும் கரைந்துவிடுகிறது. இரண்டுக்கும் காரணம், அவர் ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்த ஈதல் சகப்பிணைப்பு. உலோக அயனியை அம்மோனியா மூலக்கூறுகள் அந்தப் பிணைப்பால்தான் சூழ்ந்துகொள்கின்றன. ஆனால் பாடத்தையும் சோதனைக்குழாயையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலான மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை.

வகுப்பில் இந்தப் பாடம் விரைவாகக் கடந்துபோகிறது. அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, மூன்றாவதாக இது. பகிரப்படும் இரண்டு எலக்ட்ரான்களையும் ஓர் அணுவே தந்தால் ஈதல் சகப்பிணைப்பு, அம்புக்குறியால் காட்டவும், எடுத்துக்காட்டு, அம்மோனியம் அயனி. மதிப்பெண் வந்துவிடும். மனத்தில் பதியும் படம்தான் தவறு: நைட்ரஜனைச் சுற்றி மூன்று சாதாரணப் பிணைப்புகள், அவற்றிலிருந்து வேறுபட்டு நிற்கும் நான்காவது ஒன்று.

அம்மோனியத்தில் அப்படி ஒரு நான்காவது பிணைப்பு கிடையாது. நான்கும் ஒரே நீளம், ஒரே வலு. எந்த இரண்டை எடுத்தாலும் இடையில் 109.5 டிகிரி கோணம். அம்மோனியம் குளோரைடைக் கனநீரில் திரும்பத் திரும்பக் கரைத்தெடுத்தால் நான்கு ஹைட்ரஜன்களின் இடத்துக்கும் டியூட்டிரியம் வந்துவிடுகிறது. கடைசியாக ஒட்டியது மட்டும் கழன்றுபோவதில்லை. அம்புக்குறி சொல்வது எலக்ட்ரான்கள் எங்கிருந்து வந்தன என்பதை மட்டுமே. இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

அதற்காக அம்புக்குறி வீண் என்று ஆகாது. எது எதனுடன் சேரும் என்று முன்கூட்டியே சொல்ல அது உதவுகிறது. அம்மோனியாவின் நைட்ரஜனில் பிணைப்பில் ஈடுபடாத ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் உண்டு. போரான் ட்ரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறே எலக்ட்ரான்கள். இன்னும் இரண்டுக்கு இடம் இருக்கிறது. நிறமற்ற இந்த இரண்டு வாயுக்களும் சந்தித்தால் வெண்ணிறத் திண்மம் கிடைக்கிறது. மீத்தேனை வைத்து இதைச் செய்ய முடியாது. தருவதற்கு அதனிடம் தனித்த ஜோடி இல்லை. தேர்வில் வரையறையைக் கேட்பதைவிட ‘மீத்தேன் ஏன் சேர்வதில்லை?’ என்று கேட்பது நல்லது. மனப்பாடம் அங்கே உதவாது.

உயிர் காக்கும் அறிவும் இதில் இருக்கிறது. ஹீமோகுளோபினின் இரும்பை நான்கு நைட்ரஜன்கள் இதே ஈதல் பிணைப்பால் வளையமாகப் பிடித்திருக்கின்றன. ஐந்தாவது நைட்ரஜன் புரதத்திலிருந்து வருகிறது. ஆறாவது இடத்தில்தான் ஆக்சிஜன் அமர்ந்து பயணம் செய்கிறது. கார்பன் மோனாக்சைடும் அதே இடத்துக்கு வருகிறது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான நாட்டத்துடன். மலை ஊர்களில் குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பை மூட்டிவைத்து உறங்கியவர்கள் காலையில் எழாத செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்துவிட்டு இந்தப் பாடத்தைத் தொடங்கினால், எந்த மாணவரும் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டும் பார்க்கமாட்டார்.

பன்னிரண்டாம் வகுப்பில் ‘ஈனி’ (உலோகத்துக்கு எலக்ட்ரான் ஜோடியைத் தருவது) என்ற பெயரில் இதே கருத்து மீண்டும் வருகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்புப் பாடம் மறந்துபோயிருக்கும். இரண்டையும் இணைக்கும் பாலம் கைவசமே இருக்கிறது. சூரிச்சில் பணியாற்றிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர் 1893இல், 26 வயதில், ஆராய்ந்த மூன்று கோபால்ட்-அம்மோனியா சேர்மங்கள்தான் அந்தப் பாலம். மூன்றிலும் ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரின். ஆறு அம்மோனியா உள்ள மஞ்சள் சேர்மத்தில் சில்வர் நைட்ரேட் மூன்று குளோரைடுகளையும் வீழ்படிவாக்குகிறது. ஐந்து உள்ள ஊதாவில் இரண்டு. நான்கு உள்ள பச்சையில் ஒன்றே ஒன்று. வீழ்படிவாகாத குளோரின் எங்கே போனது? அம்மோனியா விட்ட இடத்தில் கோபால்ட்டுடன் நேரடியாக ஒட்டிக்கொண்டது. எண்ணிப் பார்த்தால் மூன்றிலும் கோபால்ட்டைச் சுற்றி ஆறு துணைகள். 1913இல் வெர்னருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது இந்தச் சிந்தனைதான்.

எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல். வெர்னர் அதற்கும் முன்பே, வீழ்படிவையும் கணக்கையும் வைத்தே இந்த முடிவுக்கு வந்தார். பதினொன்றாம் வகுப்பு மாணவரிடம் இந்த மூன்று வரி அட்டவணையைக் கொடுத்து, விடையைச் சொல்லாமல் ஒரு பாடவேளை முழுக்க யோசிக்க விடலாம். அதற்கான நேரத்தைப் பாடத்திட்டக் குழு ஒதுக்கித் தர வேண்டும்.