வைரம் வாங்கப் போறீங்களா? போட்டோவில் ‘கட்’ தரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆன்லைனில் வைர மோதிரம் தேடினால் எல்லாக் கல்லும் ஒரே மாதிரிதான் ஜொலிக்கும். ‘எக்ஸலன்ட் கட்’ என்று ஒரு வரி, சுழலும் வீடியோ ஒன்று, கீழே ‘வாங்கு’ பட்டன். இதை மட்டும் நம்பி பெரிய தொகையைக் கட்டலாமா?

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

ரத்தினக் கற்களுக்குத் தரச் சான்று தரும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏ, 2025 அக்டோபரில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ‘லேப் வைரங்களுக்கு’ நிறம், நீரோட்டம் என்று தனித்தனியாகத் தரம் குறிப்பதை நிறுத்திவிட்டு, ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்டு’ என இரண்டே பிரிவுகளாகச் சுருக்கிவிட்டது. ஐஜிஐ போன்ற ஆய்வகங்கள் பழைய முறையில் தொடர்கின்றன.

இயற்கை வைரத்திலும் சிக்கல் உண்டு. ஜிஐஏ 2006 முதல் ‘கட்’ தரம் தருகிறது. ஆனால், அது வட்ட வடிவ பிரில்லியன்ட் கல்லுக்குத்தான். இப்போது டிரெண்டில் இருக்கும் ஓவல், பேர் வடிவங்களுக்குக் கிடையாது. சான்றிதழ் சொல்லாததைப் படத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

‘கட்’ என்றால் வடிவமா?

இல்லை. பட்டை தீட்டிய கோணங்களும் அளவுகளும்தான் ‘கட்’. மேலிருந்து நுழையும் ஒளி, கல்லின் அடிப்பகுதிப் பட்டைகளில் பட்டுத் தெறித்து மீண்டும் மேலே வர வேண்டும். பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 24.4 டிகிரிக்கு மேல் சாய்வாக ஒளி விழுந்தால் முழுதாகத் திரும்பும். அதைவிடக் குறைந்தால் ஒரு பகுதி கீழ்ப்பக்கமாகக் கசிந்துவிடும். இந்தக் கசிவுதான் கல்லை மங்கலாக்குகிறது.

மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல் வட்ட வைரத்துக்குக் கணக்குப் போட்டுச் சொன்ன கோணங்கள்: மேல்பகுதி 34.5 டிகிரி, அடிப்பகுதி 40.75 டிகிரி. அடிப்பகுதி ரொம்ப ஆழமானால் நடுவில் கறுப்பு வட்டம் விழும். ரொம்பத் தட்டையானால் உள்ளே மீன் கண் போல வெளிறிய வளையம் தெரியும்.

அப்படியானால் ஏன் தப்பாக வெட்டுகிறார்கள்? எடைக்காகத்தான். 0.90 காரட்டைவிட 1 காரட்டுக்கு விலை எகிறும். அதனால் எடையைக் கல்லின் ஆழத்தில் ஒளித்துவைப்பது உண்டு. நன்றாக வெட்டிய 1 காரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.4 முதல் 6.5 மி.மீ. இருக்கும். 6.2 மி.மீ. என்றால் யோசிக்கணும். இந்த அளவு சான்றிதழிலேயே இருக்கும்.

விளம்பரப் படம் எதை மறைக்கிறது?

பெரும்பாலான படங்கள் சுற்றிலும் வெள்ளை வெளிச்சம், வெள்ளைப் பின்னணி வைத்து எடுக்கப்படுபவை. ஒளி கசியும் இடத்தில் பின்னால் உள்ள வெள்ளை ஊடுருவித் தெரியும். பார்ப்பவருக்கு அது பிரகாசம் போலத் தோன்றும். குறையே நிறையாகிவிடும்!

நகைக்கடை ஸ்பாட்லைட் இன்னொரு வகை. சின்னச் சின்ன விளக்குகள் பல இருந்தால் சுமாரான கல்லும் மின்னும். அந்த வெளிச்சத்தில் எடுத்த வீடியோவை வைத்து முடிவு செய்யக் கூடாது.

அப்போ எந்தப் படத்தைக் கேட்கணும்?

• அஸெட் படம்: ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நிறங்களால் காட்டும் கருவியில் எடுப்பது. சிவப்பு என்றால் மேலிருந்து வரும் வலுவான ஒளி. பச்சை, பக்கவாட்டு ஒளி. நீலம், பார்ப்பவரின் தலை மறைக்கும் பகுதி. பின்னால் வெளிச்சம் வைத்து எடுத்தால் கசிவு வெள்ளையாகத் தெரியும். நல்ல வட்டக் கல்லில் சிவப்பு நிறைந்து, நடுவே எட்டு நீல அம்புகள் சீராக இருக்கும்.

• ஐடியல் ஸ்கோப் படம்: இதன் எளிய வடிவம். சிவப்பு, திரும்பும் ஒளி. கறுப்பு, நம் தலை மறைக்கும் பகுதி. வெள்ளை, கசிவு.

• சாதாரண வெளிச்சத்தில் மெதுவாக அசைத்து எடுத்த வீடியோ: ஓவல், பேர் கற்களின் நடுவே ‘போ டை’ வடிவில் ஒரு நிழல் தெரியும். அசைக்கும்போது அது மறைந்து மறைந்து மின்னினால் பிரச்னை இல்லை. எந்தக் கோணத்திலும் கறுப்பாகவே நின்றால் ஒதுக்கிவிடலாம்.

நம்ம போனிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். கல்லை முதலில் சோப்பு நீரில் கழுவுங்கள். அடிப்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நல்ல கல்லிலும் ஒளி கசியும்.

ஃபிளாஷ் வேண்டாம். நேரடி வெயில் விழாத ஜன்னலோரம் போதும். போனைக் கல்லுக்கு மிக அருகில் கொண்டுபோனால், மேலிருந்து வரும் ஒளியை போனே மறைத்துவிடும். அதனால் நல்ல கல்கூட கறுப்பாகத் தெரியும். 30 செ.மீ. தள்ளி வைத்து ஜூம் செய்வது நல்லது. கல் கொஞ்சம் சாய்ந்தாலும் வடிவம் கோணலாகத் தெரியும் என்பதால் நேர் மேலிருந்து எடுங்கள்.

உதிரிக் கல்லாக இருந்தால் அடர் நிறக் காகிதத்தின் மேல் வைத்துப் படம் எடுங்கள். கல்லின் முகத்தில் அந்த நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும் இடமெல்லாம் கசிவு. ஓரத்தில் லேசாகத் தெரிவது சகஜம். நடுவில் தெரிந்தால்தான் கவலை.

பாட்டி காலத்து ஏழுகல் தோடு, பேசரி போன்றவற்றில் கல்லின் பின்பக்கம் மூடியிருந்தால் இந்தக் கசிவுச் சோதனை எடுபடாது.

படம் சொல்லாதது என்ன?

அது இயற்கை வைரமா, லேப் வைரமா என்பதை எந்த போட்டோவும் சொல்லாது. நிறத்தையும் போன் கேமரா தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். இதற்கெல்லாம் ஆய்வகச் சான்றிதழ்தான் ஆதாரம். அதிலும் கோணங்கள் கச்சிதமான எண்கள் அல்ல. ஜிஐஏ சான்றிதழில் இருப்பவை சராசரி எடுத்து முழுமையாக்கப்பட்ட எண்கள். ஒரே எண்கள் கொண்ட இரண்டு கற்கள் வேறு மாதிரி மின்ன அதனால்தான் வாய்ப்பு இருக்கிறது.

சான்றிதழ், படம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். பணம் கட்டும் முன் விற்பவரிடம், “அஸெட் அல்லது ஐடியல் ஸ்கோப் படம் அனுப்ப முடியுமா? பிடிக்கலைன்னா எத்தனை நாளில் திருப்பித் தரலாம்?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால், அந்தக் கல்லை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.