சர்வகலாசாலையின் நிலம்

பாகூர் வித்தியாஸ்தானத்தைப் பற்றிப் பெருமை பேசாத மேடை புதுவைப் பிரதேசத்தில் இல்லை. பெருமை நியாயமானதே. ஆனால் அக்கல்விச்சாலை எதைக்கொண்டு நடந்தது என்பதைச் சொல்லுவோர் சிலரே.

1879-ஆம் வருஷம் பாகூரில் கிடைத்த செப்பேடுகள் அதை விளக்கமாகவே சொல்லுகின்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாவது ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேசாலிப் பேரரையன் விண்ணப்பித்துக்கொள்ள, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று கிராமங்கள் வித்தியாபோகமாக விடப்பட்டன. கொடுத்தது விளையும் நிலம். அக்காலத்துத் தானப் பட்டயங்களைப் படித்தவர்கள் அறிவார்கள்: நான்கெல்லை, நன்செய், புன்செய், குளம், கிணறு, ஓடை, கன்று மேயும் பாழ் ஈறாக ஒன்றுவிடாமல் அவற்றில் எழுதுவது வழக்கம். உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமுங்கூடக் கணக்கில் சேரும்! இன்றைய ரிஜிஸ்திரார் ஆபீசுகளில் இத்தனை சிரத்தையை நாம் கண்டதில்லை. கல்விச்சாலை மறைந்து நூற்றாண்டுகள் பல சென்ற பின்னும், இன்ன ஊர் இன்ன காரியத்துக்கு உரியது என்று நம்மால் சொல்ல முடிவது அந்த எழுத்தினாலேதான்.

எழுதி வையாததன் பலனை ஹைதராபாத்தில் பார்த்தோம். 1969-ஆம் வருஷத் தெலுங்கானாக் கிளர்ச்சியின் பின்விளைவாக, 1974-இல் ஏற்பட்ட அந்தச் சர்வகலாசாலைக்குச் சுமார் 2,300 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கினார்களேயன்றி, உரிமையை முறைப்படி மாற்றிக் கொடுக்கவில்லை. சுற்றிலும் கம்பெனிகள் பெருகி நிலத்தின் விலை ஏற ஏற, துண்டு துண்டாக அது வேறு காரியங்களுக்குப் போயிற்று. கடைசியில் 2025-ஆம் வருஷம், கச்சிபௌலியிலுள்ள 400 ஏக்கரை ராஜ்ய சர்க்கார் தன்னுடையது என்று விற்கப் புறப்பட்டது. மார்ச்சுக் கடைசியில் இயந்திரங்கள் நுழைந்தன. மாணவர்கள் மறித்தார்கள், போலீஸார் அவர்களைப் பிடித்தார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தடை விதிப்பதற்குள் சுமார் 100 ஏக்கரில் மரங்கள் சாய்ந்துவிட்டன. பாறையும் ஏரியும் மயிலும் மானும் நிறைந்த இடம் அது. சட்டப்படி நிலம் யாருக்கு என்பது வக்கீல்கள் வாதிக்கவேண்டிய விஷயம். மாணவர் கையில் காட்டுவதற்கு ஒரு பட்டயம் இருந்திருந்தால் இயந்திரம் வாசலிலேயே நின்றிருக்கும் என்பது எம் அபிப்பிராயம்.

நம் காலாப்பட்டில் 1985-இல் தோன்றிய புதுவைச் சர்வகலாசாலைக்கு ஏறக்குறைய 780 ஏக்கர் நிலம் உண்டு. கிழக்கே வங்கக் கடல். கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் மனை விலை எப்படி ஏறியிருக்கிறது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு நீர் உள்ளே வரும். பெய்த மழையைத் தேக்கி நிலத்துள் இறக்கும் இடம் அங்கே ஒவ்வொரு ஏக்கரும் விலைமதிப்பற்றது. ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் பாகூர்க் குடியானவனுக்கு இதை எவரும் விளக்கவேண்டுவதில்லை.

மாணவர் பெருகும்போது விடுதி வேண்டாமா, ஆய்வுக்கூடம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஏற்கனவே கட்டிய இடத்தின்மேல் மாடி எழுப்பலாம், பழுதானதைப் புதுப்பிக்கலாம். வெற்றிடமாகத் தோன்றுவதெல்லாம் மனைக்கட்டு என்று எண்ணும் மனப்பான்மையைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

ஆகவே நாம் கோருவது இது. சர்வகலாசாலையின் எல்லை, சர்வே எண், குளம், ஓடை, தோப்பு, கட்டடம், ஆண்டுதோறும் இறைக்கும் நீர் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, தமிழிலே அச்சிட்டு, காலாப்பட்டு முதல் பாகூர் வரை உள்ள வாசகசாலைகளில் வைக்கவேண்டும். எந்த நிலத்தை மாற்றுவதானாலும் முன்கூட்டி விளம்பரம் செய்து, ஆசிரியர், மாணவர், அக்கம்பக்கத்துக் கிராமத்தார் ஆகியோரின் ஆட்சேபங்களைக் கேட்டறிய வேண்டும். இதற்குப் பெருஞ்செலவொன்றும் ஆகாது. அடுத்த கல்வியாண்டு பிறப்பதற்குள் முதற் பிரதியை எதிர்பார்க்கிறோம்.