நடுவயதில் மறையும் நிறங்கள்

சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் தெரியாமல் பிறப்பவர்களைப் பற்றி நேயர்கள் அறிவார்கள். ஜப்பானியக் கண் வைத்தியர் இஷிஹாரா 1917-ம் ஆண்டில் வெளியிட்ட புள்ளிப் படங்கள் அவர்களை எளிதில் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால், நல்ல கண்ணுடன் பிறந்து, நாற்பது ஐம்பது வருஷம் உலகத்தின் வர்ணங்களை அனுபவித்துவிட்டுப் பிறகு அவற்றை இழப்பவர்களும் உண்டு. இவர்களைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

பிறவிக் குறை பெரும்பாலும் இரு கண்களிலும் ஒன்றாகவே இருக்கும். ஆயுள் முழுவதும் மாறாது. பின்னால் வந்து சேரும் குறையோ ஒரு கண்ணில் முதலில் தோன்றலாம், வளரலாம், காரணம் நீங்கினால் விலகவும் கூடும். பிரெஞ்சுச் சித்திரக்காரர் மோனேக்கு 1923-ல் வலது கண்ணில் புரை நீக்கப்பட்டது. பிறகு உலகமெல்லாம் நீலமாய்த் தெரிகிறதென்று அவர் குறைப்பட்டுக் கொண்டார்!

நீரிழிவு முதலியவற்றால் விழித்திரை கெடும்போது பெரும்பாலும் நீலமும் மஞ்சளுமே முதலில் குழம்புகின்றன. இஷிஹாரா படங்களோ சிவப்பு, பச்சைக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே கண் கெட்டுக் கொண்டிருக்கும்போதே ஒருவர் அந்தப் பரீட்சையில் தேறிவிடலாம்.

இங்கேதான் கம்ப்யூட்டர் உதவிக்கு வருகிறது. கேம்பிரிட்ஜில் மாலனும் அவருடைய சகாக்களும் அமைத்த முறையில், திரை நிறையப் புள்ளிகள்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு வெளிச்சம்; வெளிச்சத்தைக் கொண்டு ஊகிக்க வழியில்லை. நிறத்தால் மட்டுமே வேறுபட்ட வளையம் ஒன்று நடுவில் தோன்றும். அதன் வாய் எத்திசையில் திறந்திருக்கிறதென்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் நிறம் வெளிறும், தவறினால் கூடும். கடைசியில் கிடைப்பது ஓர் எண். சென்ற மாதத்து எண்ணோடு இம்மாதத்து எண்ணை ஒப்பிடலாம் என்பதே இதன் பெருமை. ஆனால் திரையின் நிறங்கள் அளந்து சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்தி அடைவதை நாம் சிபார்சு செய்ய மாட்டோம்.

க்ஷயரோகத்துக்குக் கொடுக்கப்படும் எதாம்புடால் என்ற மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்குவதுண்டு. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பலருக்குப் பார்வை மீளுகிறது. தாமதித்தால் நஷ்டம் நிரந்தரமாகலாம். நிறம் மங்குவது அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. அம்மருந்தை உட்கொள்வோர், ஒரு கண்ணை மூடி மற்றதால் குங்குமச் சிமிழை மாறி மாறிப் பார்க்கட்டும். ஒரு கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிந்தால், மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். இரு கண்ணும் ஒன்றாகவே மங்குவதும் உண்டாகையால், சிமிழை மட்டும் நம்பிப் பரீட்சைக்குப் போகாதிருப்பதும் தகாது.