நூறு ரூபாய்க் கத்தியா... ஐயாயிரம் ரூபாய்க் கத்தியா?

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கை போன்ற ஊர்களில் மடக்குக் கத்திக்கு வேலை ஓய்வதே இல்லை. வாழை இலை நறுக்க, மூட்டைச் சணலை அறுக்க, எலுமிச்சம்பழம் வெட்ட, வந்த பார்சலைப் பிரிக்க... எல்லாவற்றுக்கும் அதுதான். கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒன்று கிடைக்கிறது. போனைத் திறந்தால் ஐயாயிரம் ரூபாய்க்கு இன்னொன்று கண்ணைப் பறிக்கிறது. ஐம்பது மடங்கு விலைக்கு ஐம்பது மடங்கு வெட்டுமா?

வெட்டாது. புதிதாகச் சாணை பிடித்தால் இரண்டுமே தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்கும். கூர்மை என்பது விளிம்பை எவ்வளவு மெல்லியதாகத் தீட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. அந்தக் கூர்மை எத்தனை நாள் நிற்கும் என்பதில்தான் விலை பேசுகிறது.

காசு எங்கே போகிறது?

எஃகின் கடினத்தை ‘ராக்வெல் சி’ என்ற அளவில் சொல்வார்கள். மலிவான துருப்பிடிக்காத எஃகு பெரும்பாலும் 52 - 54. புகழ்பெற்ற ஸ்விஸ் ஆர்மி கத்தி சுமார் 56. அமெரிக்காவின் ‘எஸ்30வி’ போன்ற உயர்விலை எஃகு 58 - 61. இதில் கார்பன் 1.45 சதவிகிதம், வனேடியம் 4 சதவிகிதம். இரண்டும் சேர்ந்து உருவாகும் நுண்துகள்கள் மிகக் கடினமானவை. அதனால், அட்டைப்பெட்டிகளை அறுத்துத் தள்ளினாலும் முனை சீக்கிரம் மழுங்காது.

ஆனால், மழுங்கிய பிறகுதான் சிக்கல். சாதாரணச் சாணைக்கல் அந்தத் துகள்களிடம் திணறும். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். டப்பா மூடியை நெம்பினால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரவும் கூடும். மலிவுக் கத்தியின் விளிம்போ பெரும்பாலும் மடங்கும். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்.

பக்குவம் முக்கியம்

எஃகின் பெயரை மட்டும் நம்பியும் பயனில்லை. காய்ச்சி, தோய்த்து எடுக்கும் பக்குவம் தப்பினால் நல்ல எஃகும் வீண். ‘வூட்ஸ்’ என்று உலகம் கொண்டாடிய இந்திய உருக்கை 1819-ல் ஆராய்ந்து எழுதினார் மைக்கேல் ஃபாரடே. கார்பன் மிகுந்த அந்த உருக்கை, சூடு தவறி அடித்தால் நொறுங்கிப்போகும். அதைப் பேர்பெற்ற வாளாக்கியது கொல்லரின் கைப்பக்குவம். இன்றும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து, பட்டறையில் செய்யும் கத்தி நன்றாக உழைப்பதற்குக் காரணம் அதுதான். எலுமிச்சை நறுக்கியதும் கழுவித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் துரு ஏறிவிடும்.

எதை வாங்கலாம்?

நாள் முழுக்க அட்டையும் கயிறும் அறுப்பவர்களுக்கு, தீட்டவும் தெரிந்தால், உயர்ந்த எஃகு லாபம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மலிவுக் கத்தியும் ஒரு சாணைக்கல்லும் போதும்.

ஆனால், எஃகைவிட முதலில் கவனிக்க வேண்டியது பூட்டு. விரித்த கத்தியை லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ, பூட்டு நழுவினாலோ விலை எதுவானாலும் வேண்டாம். வெட்டும்போது மடங்கினால் போவது விரல். மழுங்கிய கத்தியும் அப்படித்தான்: கூர் இல்லாதபோது கை அழுத்துகிறது, அழுத்தும்போது வழுக்குகிறது. ஒரு காகிதத்தை விளிம்பில் பிடித்து அறுத்துப் பாருங்கள். கிழியாமல் சீராக அறுபட்டால், உங்கள் நூறு ரூபாய்க் கத்தி இன்றைக்கு நல்ல கத்திதான்.