ஓதத்தைச் சிறைவைக்கும் சிமென்ட்

மழைக்காலம் முடிந்ததும் சென்னைப் புறநகரின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பல வீடுகளின் கீழ்ச்சுவர் பொரிந்து உதிர்கிறது. அதற்குச் செய்யப்படும் வைத்தியமும் ஒன்றுதான்: பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமென்டைக் கூட்டிப் பூசி, மேலே வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது. பூச்சு கெட்டியாக இருந்தால் ஓதம் அண்டாது என்ற இந்த நம்பிக்கை தவறானது.

கீழ்ச்சுவர் ஓதம் பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுவது. செங்கல்லின் நுண்துளைகள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். அம்பத்தூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஏரிகள் நிறைந்த இப்பகுதியில் வடகிழக்குப் பருவமழையின்போது நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்க அஸ்திவாரத்தின் மேல் போடும் ஈரத்தடுப்பு அடுக்கு (டி.பி.சி.) பல பழைய வீடுகளில் இல்லை. இருக்கும் வீடுகளிலும், பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போட்டுத் தெரு உயர்ந்துவிட்டால், அது மண்ணுக்குள் புதைந்து பயனற்றுப் போகிறது.

ஏறிய நீர் ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். இருபுறமும் சிமென்டும் பெயின்டும் அடைத்தால், அது திறந்த இடம் தேடி மேலே போகும். முன்பு முழங்கால் உயரத்தில் பொரிந்த சுவர், பூசிய பிறகு இடுப்பு உயரத்தில் பொரிவது இதனால்தான். நீரோடு வந்த உப்பு பெயின்டுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. கொப்புளத்தை விரலால் அழுத்தினால் பெயின்ட் உரிந்து வெள்ளைப் பொடி கொட்டும். டைல்ஸ் ஒட்டி மறைத்தாலும் கதை இதுவே.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய வைக்கோல் கட்டுச் சுவர்கள் இந்த உண்மையை இன்னும் கடுமையாகக் காட்டுகின்றன. வைக்கோலில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் அது மக்கத் தொடங்கும். சிமென்ட் பூச்சின் விரிசலில் புகுந்த மழைநீர் எளிதில் வெளியேறாது. அதனால்தான் வைக்கோல் சுவர்களுக்கு மண் பூச்சையும் சுண்ணாம்புப் பூச்சையும் பலர் விரும்புகிறார்கள். செங்கல் மக்காது என்பதால் இங்கே தவறு தாமதமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பழைய சென்னைக் கட்டடங்களின் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஆவியாக வெளியே விட்டது. இன்றும் சுண்ணாம்புப் பூச்சு போட்டு, மேலே வெள்ளையடிக்கலாம். அது முடியாதபோது சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை, வெறும் சிமென்ட் பூச்சைவிட மேல். சுண்ணாம்பு இறுக நாளாகும்; அதுவரை வெயிலில் சட்டென்று காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கசியும் குழாயையும் ஒழுகும் மாடியையும் எந்தப் பூச்சும் சரிசெய்யாது.

ஆகவே முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும்; சுவரை ஒட்டிய மண்ணை வெட்டித் தாழ்த்த வேண்டும்; பூச்சு கடைசி வேலை. சுவர் சுவாசிக்க வழிவிடாத பூச்சுக்குச் செலவழிக்கும் பணம், அடுத்த மழைக்கு மீண்டும் செலவழிக்க வேண்டிய பணம்.